உள்ளிந்திரியம் என்பது எது?

"தேவரீர் இருதயங்களையும் உள்ளிந்திரியங்களையும் சோதித்தறிகிறவர்" என்கிறது பழைய தமிழ் வேதாகமத்தின் 7ஆம் சங்கீதம். இருதயம் சரி, உள்ளிந்திரியம்? கோபிசெட்டிபாளையம் பக்கம் வயசான ஒருவரிடம் 'இந்திரியம்' என்று சொல்லிப் பாருங்கள். நாட்டு வைத்தியத்தில் அது விந்து. கேட்பவர் நெளியத்தான் செய்வார்.

மூலத்தில் இருக்கும் எபிரேயச் சொல் கெலாயோத். நேர்ப்பொருள் சிறுநீரகங்கள். இதே சொல் லேவியராகமம் 3ஆம் அதிகாரத்தில் பலி ஆட்டின் உறுப்பாக வரும்போது, அதே வேதாகமம் கூச்சப்படாமல் 'குண்டிக்காய்' என்கிறது. நம்ம ஊர்க் கறிக்கடைச் சொல்லேதான். "குண்டிக்காய் ரண்டையும் சேத்தியே போட்டுட்டனுங்க" என்பார் கடைக்காரர். ஆட்டைத் தொங்கவிட்டு அறுக்கும்போது கவனியுங்கள். குடலும் ஈரலும் எடுத்த பிறகும், முதுகெலும்பை ஒட்டி வெள்ளைக் கொழுப்புக்குள் அது புதைந்து கிடக்கும். விரலை விட்டுக் கொழுப்பைப் பிளந்தால்தான் கையில் வரும். ஒருவன் யாருக்கும் காட்டாத நினைப்பும் அங்கேதான் தங்கும் என்று எபிரேயர் எண்ணியதில் வியப்பில்லை.

அவர்களுக்கு யோசிக்கும் இடம் இருதயம். உள்ளிருந்து இடித்துரைப்பது சிறுநீரகம். "இராக்காலங்களிலும் என் உள்ளிந்திரியங்கள் என்னை உணர்த்தும்" என்று 16ஆம் சங்கீதத்தில் வருவது அதுதான். யூத அறிஞர்களின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூது என்ற நூல் இன்னும் ஒரு படி போகிறது: இரண்டில் ஒன்று நல்ல புத்தி சொல்லும், மற்றது கெட்ட புத்தி சொல்லும்.

பலிபீடத்துக்குக் குண்டிக்காய், ஜெபத்துக்கு உள்ளிந்திரியம் என்று பிரித்ததற்குக் காரணம் 'குண்டி' என்ற ஒலிதான் என்று நினைக்கிறேன். அந்தக் கூச்சம் தேவையே இல்லை. தெலுங்கில் குண்டெகாய என்றாலும் கன்னடத்தில் குண்டிகெ என்றாலும் இருதயம். கோவையிலும் சத்தியமங்கலத்திலும் வீட்டுக்குள் இந்த மொழிகளைப் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அது உயிருக்கு நெருக்கமான சொல்.

இந்திரியம் வடசொல். தமிழில் பொறி, ஐந்து இந்திரியம் என்றால் ஐம்பொறி. 'உள்' சேர்ந்ததும், சைவ சித்தாந்தம் அந்தக்கரணம் என்று சொல்லும் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகியவற்றின் சாயல் வந்துவிடுகிறது. தமிழில் அகக்கருவி. கெட்டிக்காரத்தனமான ஆக்கம்தான், ஆனால் சிறுநீரகம் காணாமல் போய்விட்டது.

சரி, நல்ல தமிழில் எப்படிச் சொல்வது? உறுப்புக்குச் சிறுநீரகம். சங்கீதத்தின் பொருளுக்கு மனச்சான்று. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதே 16ஆம் சங்கீதத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறது. பேச்சில் மனசாட்சி. உடம்போடு ஒட்டிய சொல்தான் வேண்டுமென்றால் நம்மிடம் ஈரக்குலை உண்டு. ஆனால் "ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க" என்று பயத்துக்குத்தான் அது வரும். ராத்திரியில் எழுப்பிப் புத்தி சொல்லாது.