கணுக்காலைப் பிடித்து இழுக்காதீர்கள்

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பதினான்கு மாதக் குழந்தை. டயப்பர் மாற்றுவதற்காக அம்மா காலைப் பிரிக்கப் பார்க்கிறார்; இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கணுக்கால்களைப் பிடித்து இழுக்கிறார். இழுக்க இழுக்க விறைப்பு கூடுகிறது. குழந்தை முதுகை வில்லாக வளைத்துக் கத்துகிறது. "தினமும் இந்தப் போராட்டம்தான் மேடம்" என்றார்.

பிசியோதெரபிஸ்ட்டான நான் குழந்தையை வாங்கிக்கொண்டு, பிட்டத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். இரண்டு முழங்கால்களையும் மெல்ல வயிற்றுப் பக்கம் மடக்கி, அப்படியே சற்று நேரம் பிடித்திருந்தேன். இடுப்பு மடங்கினால் விறைப்பு தளரும். அதன் பிறகு தொடையில் கை வைத்து விரித்தபோது கால்கள் முரண்டு பிடிக்காமல் பிரிந்தன. பக்கத்தில் நின்ற பாட்டிக்கு ஆச்சரியம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பெருமூளை வாதத்தில் கோளாறு காலில் இல்லை, மூளையில் இருக்கிறது. கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அது. குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல், முற்றிப்போன மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. தசையைச் சட்டென்று இழுத்தால் அது இன்னும் இறுகும். எண்ணெய் தேய்த்து இதமாகத் தடவுவதில் தப்பில்லை. 'நல்லா உருவி விட்டாச் சரியாயிடும்' என்று முறுக்குவதுதான் ஆபத்து.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது: "எத்தனை சிட்டிங் வந்தா நடப்பான்?" கணக்குச் சொல்ல முடியாது. வாரத்துக்கு மூன்று தடவை, அரைமணி நேரம் நான் செய்வதைவிட, வீட்டில் அவனை எப்படித் தூக்குகிறீர்கள், எப்படி உட்கார வைக்கிறீர்கள், எப்படி ஊட்டுகிறீர்கள் என்பதுதான் அதிகம் வேலை செய்யும். டயப்பரை நாளைக்கு ஆறு தடவை சரியாக மாற்றினால் அது ஆறு தடவைப் பயிற்சி.

அந்தப் பாட்டி குழந்தையைப் பச்சைக் குழந்தைபோல இரு கைகளிலும் ஏந்தியபடியே வந்திருந்தார். கால்கள் விறைத்து நீண்டு, தலை பின்னால் சாய்ந்திருந்தது. இடுப்பில் வைத்தால் கால் அகண்டுவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மையில் கால் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு நம் ஊர் இடுப்புத்தான் முதல் நாற்காலி! தொடை விரிந்து, முழங்கால் மடங்கி, முதுகு நிமிர்ந்து, கை இரண்டும் முன்னால் வரும். இந்தக் குழந்தையின் இடுப்பு மூட்டை ஏற்கெனவே படம் எடுத்துப் பார்த்திருந்ததால் தயங்காமல் தூக்கச் சொன்னேன்.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவுகிறது. ஆரம்பத்தில் வலி இருக்காது, அழமாட்டார்கள். ஒன்று, இரண்டு வயதிலேயே எக்ஸ்ரே எடுத்து, பிறகும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்தபடியே இருக்க வேண்டும். விறைப்பு அதிகமாகி, நடக்க வாய்ப்புக் குறைவாக உள்ள குழந்தைக்குத்தான் இது அதிகம். 'அவன்தான் நடக்கப் போறதில்லையே, எக்ஸ்ரே எதுக்கு' என்று விட்டுவிடுவதும் அங்கேதான்.

சாப்பாட்டில் இன்னொரு பழக்கம்: மடியில் மல்லாத்திப் போட்டு, தலை பின்னால் தொங்க, பாலாடையில் புகட்டுவது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு விழுங்குவதே சிரமம். பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 'சளி உடம்பு' என்று சொல்லி மாதாமாதம் மருந்து வாங்கும் குழந்தைகளில் சிலருக்குச் சளி வருவதே இந்த வழியில்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்க ஊட்டுங்கள். தனி நாற்காலி வாங்க வசதி இல்லையா? சுவர் மூலையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பழைய சேலையைச் சுருட்டி அண்டை கொடுத்தால் போதும்.

சக்கரம் வைத்த வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். நுனிக்காலில் உந்துகிற பழக்கத்தை அது முற்ற வைக்கும். பின்னால் நின்று தள்ளுகிற மர நடைவண்டி வேறு கதை; பிடித்து நிற்கத் தெரிந்த குழந்தைக்கு, ஆள் கூட இருந்தால், கொடுக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். 'எங்க வீட்டு ஆம்பளைப் பிள்ளைங்க லேட்டாத்தான் நடப்பாங்க' என்று ஒன்றரை வருடம் காத்திருந்துவிட்டு வருவது. நான்கு மாதம் தாண்டியும் கை எப்போதும் முஷ்டியாகவே இருந்தால், தலை நிற்காவிட்டால், ஒன்பது மாதத்திலும் தானாக உட்காராவிட்டால் காட்டிவிடுங்கள். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டுகிற குழந்தையை 'இடது கைக்காரன்' என்று கொஞ்சுகிறோம். அந்த வயதில் அப்படி இருக்கக் கூடாது. மறு கை ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். பெரிய உடலசைவுகளில் பெரும்பகுதி முதல் ஐந்து வயதுக்குள் அமைந்துவிடுகிறது, அதனால்தான் இந்த அவசரம்.

காசுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். பிறந்த குழந்தையிலிருந்து பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பள்ளி வயது வந்ததும் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் வரும் நாளை விசாரியுங்கள்.

அடுத்த வாரம் பாட்டி மட்டும் வந்தார். குழந்தை அவர் இடுப்பில், இரண்டு பக்கமும் கால் தொங்க உட்கார்ந்து, மூக்குத்தியை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "இடுப்புத்தான் கழண்டு போகுது மேடம்" என்றார் பாட்டி. அதற்கும் இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தேன்.