கைமேல் நிற்கும் எழுத்து மழை

திரையில் நம் உருவம் கறுப்பு வெள்ளையில், கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறது. மேலிருந்து வண்ண எழுத்துகள் மழையாக இறங்குகின்றன. கையை நீட்டினால் கைமேல் வந்து உட்காருகின்றன. கையை உயர்த்தினால் கூடவே ஏறுகின்றன, விலக்கினால் பொலபொலவென்று உதிர்கின்றன. கலைஞர்கள் கமில் அட்டர்பேக்கும் ரோமி அகிடுவும் 1999-இல் உருவாக்கிய ‘டெக்ஸ்ட் ரெயின்’ என்ற கலைப்படைப்பு இது. மின்னணுக் கவிதையும் காட்சிக்கலையும் எங்கே கலக்கின்றன என்று கேட்பவரை முதலில் இதன்முன் கொண்டுபோய் நிறுத்தலாம்.

பார்க்கும்போது, கணினி ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது என்றே தோன்றும். அதெல்லாம் இல்லை. அதற்குத் தெரிந்தது இருட்டும் வெளிச்சமும்தான். கேமரா படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச அளவு உண்டு. வழக்கமான கணக்கில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. ஒவ்வொரு எழுத்துக்கும் நிரல் அதன் கீழே உள்ள புள்ளியைப் பார்க்கிறது. குறித்த வரம்பைவிட வெளிச்சமாக இருந்தால் எழுத்து கீழே இறங்கும், இருட்டாக இருந்தால் நிற்கும். நாம் கையைத் தூக்கும்போது எழுத்து இருட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் அல்லவா, அப்போது வெளிச்சம் வரும்வரை மேலே தள்ளப்படும். வெளிர்ச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு போய் நின்றால் எழுத்துகள் நம்மைக் கண்டுகொள்ளாமல் விழுந்துவிடும். கறுப்புக் குடையைப் பிடித்தால் நல்ல அறுவடை!

விழுபவை ஏதோ கிடைத்த எழுத்துகள் அல்ல. உடலையும் மொழியையும் பற்றிக் கவிஞர் எவான் ஜிம்ரோத் எழுதிய கவிதையின் வரிகள். ஒரு வரி மங்க மங்க, அடுத்தது வேறு நிறத்தில் வருகிறது. கைகளை விரித்துப் பொறுமையாக நின்றால் ஒரு முழுச் சொல், சில சமயம் ஒரு தொடரே சிக்கும்.

பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர் மழைக் கவிதையொன்றின் எழுத்துகளைத் தாளில் சாய்ந்து வழியும் கோடுகளாகவே அடுக்கினார். 1918-இல் வந்த அவருடைய தொகுப்பில் அது இருக்கிறது. பாட்டை ஒரு படத்துக்குள் அடக்கும் நம் சித்திரகவி மரபில், எண்கள் ஏறி இறங்கும் பாட்டான எழுகூற்றிருக்கை தேர் வடிவக் கட்டத்துக்குள் அடங்கும். இரண்டிலும் உருவத்தைக் கவிஞரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். டெக்ஸ்ட் ரெயினில் கலைஞர்கள் தருவது ஒரு விதியை மட்டும். உருவத்தைப் போடுவது எதிரே நிற்பவரின் தோளும் முழங்கையும். கவிதைக்குப் பக்கத்தில் ஒரு படத்தை ஓடவிடுவதைவிட இது நெருக்கமான உறவு என்பேன்.

சரி, இதையே தமிழில் செய்தால்? கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யுனிகோடில் ‘கொ’ என்பது இரண்டு குறியீடுகள்: ‘க’ ஒன்று, ஒகரக் குறி ஒன்று. நிரல் குறியீடு குறியீடாக வெட்டினால் ‘க’ ஒரு பக்கம் விழும், குறி தன் நடுவே வெற்று வட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாக இன்னொரு பக்கம் விழும். ஆகவே குறியீடுகளை எழுத்துக் கொத்துகளாகச் சேர்த்த பிறகே மழையாக விடவேண்டும். இன்றைய பிரவுசர்களிலேயே அதற்கான வசதி இருக்கிறது. ‘க்ஷ’ மட்டும் யுனிகோடின் பொது விதிப்படி அப்போதும் ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகத்தான் விழும். அதற்குத் தனியாக ஒரு விதி எழுதவேண்டும்.