கரண்ட் வைத்து முடித்த பிறகு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிற நாட்களில் பெண்கள் அவ்வளவாக அழுவதில்லை. பாளையங்கோட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்க வேண்டும். அதற்கே பொழுது சரியாகிவிடும். எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் பலர் உடைந்துபோகிறார்கள். அதற்குள் வீட்டில், "அதான் சரியாயிட்டுல்லா, இன்னும் என்ன?" என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள். மனநல ஆலோசகராக நான் அதிகம் பார்ப்பது இந்தக் கட்டத்தில் இருப்பவர்களைத்தான்.

முக்கூடல் பக்கத்து அக்கா ஒருவர், பீடி சுற்றுகிறவர் (அடையாளத்தை மாற்றியே சொல்கிறேன்). செக்கப்புக்கு வந்தபோது தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னார். கூட வந்த மாமியாரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் மீதி வந்தது. "தார்சாவுலதான் படுக்கேன் மேடம். தட்டு, தம்ளர் எல்லாம் தனியா வச்சிருக்கேன். யாரும் சொல்லல, நானாத்தான்." உடம்பில் கரண்ட் இன்னும் இருக்கிறதாம், பேரனைத் தூக்கினால் அவனுக்கும் ஏறிவிடுமாம். முன்பெல்லாம் மடியில் சுளகோடு தெருப் பெண்களுடன் பேசிக்கொண்டே சுற்றியவர், இப்போது கதவைச் சாத்திக்கொண்டு சுற்றுகிறார்.

புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. வெளியிலிருந்து வைக்கிற கரண்ட் உடம்பில் தங்குவதில்லை. உள்ளே கருவி வைத்துக் கொடுத்தாலும், அதை எடுத்ததோடு சரி. பேரனைத் தாராளமாகத் தூக்கலாம்.

இன்னொரு பேச்சு இதைவிடக் கொடுமையானது: "நடத்தை சரியில்லாதவங்களுக்குத்தான் இது வரும்." இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்கிற வைரஸ். தாம்பத்திய உறவில் இருக்கிற யாருக்கும் வரக்கூடிய, மிகச் சாதாரணமான தொற்று அது. பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுச் சிலருக்கு மட்டும் நோயாகிறது. இதைக் குடும்பத்தார் முன்னால் டாக்டரே சொன்னால்தான் அந்தப் பேச்சு அடங்கும்.

அப்புறம், யாருமே கேட்காத விஷயம் தாம்பத்தியம். கரண்ட் வைத்த பிறகு பிறப்புறுப்புப் பாதை வறண்டு சுருங்கலாம். அதற்கு டைலேட்டர் (பாதை சுருங்காமல் மெல்ல விரிக்க உதவும் சிறு கருவி), ஜெல் எல்லாம் உண்டு. எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று சிஸ்டரிடமே கேட்கலாம். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு கணவன் மனைவி சேர்வதில் தவறில்லை, கணவருக்குப் புற்றுநோய் தொற்றாது. பல வீடுகளில் கணவர் பயந்து ஒதுங்குகிறார், மனைவி தன்னை வேண்டாமென்று விட்டதாக நினைத்துக்கொள்கிறார். அந்த அக்காவின் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "தொட்டா அவளுக்கு வலிக்காதா?" இதைத் தன் மனைவியிடம் கேட்க அவருக்குக் கூச்சம். அடுத்த முறை இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினோம்.

மாதவிடாய் நிற்கிற வயதுக்கு முன்பே சூலகத்தை (கருமுட்டைப் பையை) எடுக்க நேர்ந்தாலோ கரண்டில் அது செயலிழந்தாலோ மாதவிடாய் சட்டென நின்றுவிடும். உடம்பு திகுதிகுவென்று எரியும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். "கோட்டி பிடிச்சிட்டு" என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொன்னால் நிவாரணம் கிடைக்கும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்று வாய்விட்டுச் சொன்னால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள்.