முதல் பிரைம் லென்ஸ் வாங்கும் முன் வீட்டு ஹாலை அளந்து பாருங்கள்

போன தை மாதம் தூத்துக்குடியில் ஒரு வளைகாப்பு. மண்டபம் பிடிக்காமல் வீட்டு ஹாலிலேயே வைத்திருந்தார்கள். என்னிடம் வேலை பழகும் தம்பி ஒருவன் புதிதாக வாங்கிய 50 மி.மீ. பிரைம் லென்ஸை (ஜூம் செய்ய முடியாத லென்ஸ்) கேமராவில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் சுற்றி நின்ற ஏழு பேரையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னாலேயே போனான். முதுகு ஃபிரிட்ஜில் இடித்தது. அப்புறம் வாசற்படியைத் தாண்டி, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்று எடுத்தான். படத்தில் பாதி கதவுதான் இருந்தது. "அண்ணே, எல்லாரும் இதத்தானே முதல்ல வாங்கச் சொன்னாங்க?" என்றான். சொன்னவர்களில் நானும் உண்டு என்பதால் பதில் பேசவில்லை.

"முதல் பிரைம் என்றால் ஐம்பதுதான்" என்பது ஃபிலிம் காலத்துப் பேச்சு. அன்றைய ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ. இன்று நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் கிராப் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் அதைவிடச் சின்னது. கேனானில் 22.3க்கு 14.9 மி.மீ., நிக்கானில் 23.5க்கு 15.6 மி.மீ. லென்ஸ் அதேதான். ஆனால் அது காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும்தான் சென்சார் பிடித்துக்கொள்கிறது. அதனால் 50 மி.மீ. லென்ஸ் கேனான் கிராப்பில் 80 மி.மீ. போலவும், நிக்கான், சோனியில் 75 மி.மீ. போலவும் பார்க்கும். மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி குறுகும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அதை அடிக் கணக்கில் மாற்றிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேனான் கிராப்பில் 50 மாட்டியிருந்தால் ஏறக்குறைய 15 அடி தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் 10 அடி. 24 என்றால் 7 அடி போதும். பத்தடி அகலத்துக்கு நிற்கும் ஒரு குடும்பத்தை எடுக்க 50க்கு 22 அடி வேண்டும், 24க்கு 11 அடி. இனி உங்கள் வீட்டு ஹாலை நினைத்துப் பாருங்கள். சோபா, டிவி ஸ்டாண்ட் போக மிச்சம் எத்தனை அடி?

சரி, அப்படியென்றால் கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸே போதாதா என்று கேட்கலாம். பகலில், வெளியில், போதும். டியூப்லைட் மட்டும் எரியும் அறையில்தான் பிரைமின் அருமை தெரியும். 18-55 கிட் லென்ஸை 55க்குத் திருகினால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. எஃப் 1.8 அதைவிட ஒன்பது, பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) 6400 வைத்து, படம் முழுக்க ரவை தூவியது மாதிரிப் புள்ளி விழுந்த இடத்தில், 640 வைத்து எடுக்கலாம். பையன்கள் பிரைம் வாங்குவது பின்னணி மங்குவதற்காக. நான் வாங்கச் சொல்வது இந்த வெளிச்சத்துக்காக.

வீட்டு விசேஷம், குழந்தைகள், சாப்பாடு, தெரு என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பிரைம்தான் வாங்க முடியும் என்றால் கிராப் கேமராவுக்கு 35க்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். நிக்கான்காரர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. 2009இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி, 200 கிராம் எடை, கிராப்புக்கென்றே செய்தது. சோனியில் 35 எஃப் 1.8 உண்டு, சிக்மாவின் 30 எஃப் 1.4 உண்டு. பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள்தான் பாவம். குறைந்த விலையில் கிடைக்கும் கேனானின் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் 125 கிராம்தான், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், அரை அடிக்குச் சற்று மேல் நெருங்கினாலும் ஃபோகஸ் ஆகும். ஆனால் வெளிச்சத்தில் கிட் லென்ஸைவிட ஒரு ஸ்டாப் அளவுதான், அதாவது இரண்டு மடங்குதான் லாபம். இது தெரிந்தே வாங்குங்கள். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிய கேனான்காரர்கள் தங்கள் பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆட்டோஃபோகஸும் வேலை செய்யும்.

இதனால் 50 வீண் என்று சொல்லவில்லை. பத்தாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் அந்தக் கேனான் 50 எஃப் 1.8 எஸ்டிஎம்தான் இன்றைக்கும் என் பையில் அதிகம் தேய்ந்த லென்ஸ். மணப்பெண்ணின் முகம், வளையல் அடுக்கிய கை, மேடையில் தாலி கட்டும் நேரத்துப் பக்கவாட்டுப் பார்வை எல்லாம் அதில்தான் எடுக்கிறேன். அகல லென்ஸில் நெருங்கிப் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும், இதில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மூன்றடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே இரண்டரை செ.மீ. அளவுதான். முகத்தை லேசாகத் திருப்பினால் ஒரு கண் கூர்மை, மறு கண் கலங்கல். முகத்துக்கு எஃப் 2.8, முன்னும் பின்னுமாக இருவர் நின்றால் எஃப் 4 என்று பழகிக்கொள்ளுங்கள். விலை குறைந்த பிரைம்கள் முழுக்கத் திறந்திருக்கும்போது வெள்ளி ஜரிகை ஓரத்தில் ஊதா நிறம் கசியும். எஃப் 2.8இல் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

எதை வாங்குவது என்று இன்னும் தெரியாவிட்டால் பத்து ரூபாய் செலோ டேப் போதும். கிட் லென்ஸை 35இல் வைத்து, திருகும் வளையத்தில் டேப் ஒட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுங்கள். அடுத்த ஞாயிறு 50, அதற்கடுத்து 24. எந்த வாரம் டேப்பைப் பிய்த்துவிடலாமா என்று கை பரபரத்ததோ, அந்த லென்ஸ் உங்களுக்கு வேண்டாம்.

"நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்கினாலும் உதவுமே" என்று, பழைய ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட கேமராவை மனதில் வைத்து, இரண்டு மடங்கு விலை கொடுத்து லென்ஸ் வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த நாளை பலருக்கு வருவதே இல்லை. இன்றைக்குக் கையில் இருக்கும் கேமரா பாடிக்கு வாங்குங்கள். நல்ல லென்ஸ் பின்னால் விற்றாலும் ஓரளவு விலை போகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன். அப்போது ஒரு கடையில் நிக்கான் 50 எஃப் 1.8டி லென்ஸைக் காட்டி, "எல்லா நிக்கான்லயும் ஓடும் சார்" என்றார்கள். ஓடியது, கையால் திருகினால். அந்த டி வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, பாடியில் இருக்க வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அது இல்லை. என்னிடம் இருந்தது டி3100. ஆகவே உங்கள் பாடியைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மாட்டியபின் வியூஃபைண்டரில் பார்த்து ஒரு படம், லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) அதே இடத்தை ஃபோகஸ் செய்து ஒரு படம், இரண்டும் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். பெரிதாக்கிப் பார்க்கையில் இரண்டாவது மட்டும் கூர்மை என்றால் ஃபோகஸ் முன்னோ பின்னோ விழுகிறது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் பாடிகளில் அதைத் திருத்திக்கொள்ள வசதி கிடையாது.

அடுத்தது டார்ச். செல்போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் காட்டி, முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. விலையைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்கு வேண்டாம். எங்களைப் போன்ற கடலோரத்து ஊர்களில் இது சகஜம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கிய லென்ஸைத் தோல் பைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டாதீர்கள், ஈரமும் இருட்டும்தான் ஃபங்கஸுக்கு வீடு. ஈரம் அண்டாமல் காக்கும் டிரை கேபினெட் வாங்க முடியாத காலத்தில் நான் பயன்படுத்தியது, இறுக மூடும் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நிறம் மாறும் நீல மணிகளாகப் பார்த்து வாங்கி, துணியில் முடிந்து போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்க்கையில் மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.