நாலு கோட்டில் பூனை தெரிவது எப்படி?

எதிரில் ஒரு பூனை தூங்குகிறது. கைக்குக் கிடைத்த பால்பாயிண்ட் பேனாவால் சட்டென்று வரைகிறோம். முதுகுக்கு ஒரு வளைவு, காதுக்கு இரண்டு முனை, வாலுக்கு ஒரு சுழி. பூனை வந்துவிட்டது! ஆனால் நிஜப் பூனையைச் சுற்றி எந்தக் கோடும் கிடையாதே?

கோட்டைத் தேடுவது நம் மூளைதான். 1959-இல் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு நரம்பியல் விஞ்ஞானிகள், மூளையில் பார்வையைக் கவனிக்கிற பகுதியான பார்வைப் புறணியின் செல்களை ஆராய்ந்தார்கள். வெறும் ஒளிப்புள்ளியை அவை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. குறிப்பிட்ட சாய்வில் ஒரு விளிம்போ கோடோ வந்தால்தான் துடித்தெழுந்தன. அவர்கள் ஆராய்ந்ததும் பூனைகளைத்தான். 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிறம், நிழல், ரோமம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விளிம்பை மட்டும் தரும் பேனாக் கோடு, அந்தச் செல்களுக்குப் பிடித்த தீனி.

வரைபவருக்குக் கிடைக்கும் இன்பம் வேறு. விழித்திரையின் மையக்குழி தெளிவாகப் பார்ப்பது சுமார் இரண்டு பாகை அகலத்தை மட்டுமே; கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கிற அளவு. அதனால் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. மீதியை மூளை ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறது. வரைய உட்கார்ந்தால் ஊகம் போதாது. காது எங்கே மடிகிறது, முதுகு எங்கே தரையைத் தொடுகிறது என்று கண் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தாக வேண்டும். தினமும் பார்க்கிற பூனையை அப்போதுதான் முழுசாகப் பார்க்கிறோம். எனக்கு இதில் படத்தைவிடப் பெரிய லாபம் இதுதான்.

சரி, அழிக்க முடியாதே? அதனால்தான் தொடங்குபவர்களுக்குப் பென்சிலைவிடப் பேனா நல்லது என்பேன். ரப்பர் இருந்தால் கவனம் பூனையை விட்டுத் தாளுக்குப் போய்விடும். பேனாவில் தவறிய கோட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே இன்னொன்று போடுவதைத் தவிர வழியில்லை.

இதற்குப் பால்பாயிண்ட் தோதானது. லாஸ்லோ பிரோ 1938-இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில், முனையிலுள்ள குட்டி உலோகக் குண்டு உருளும்போது கெட்டியான எண்ணெய் மையை உள்ளிருந்து எடுத்துத் தாளில் பூசுகிறது. லேசாக ஓட்டினால் குண்டு தாளின் மேடுகளை மட்டும் தொடும். கோடு சாம்பல் நிறத்தில் நிற்கும். அழுத்தினால் பள்ளங்களிலும் மை இறங்கிக் கறுக்கும். ஆகவே முதலில் லேசாகத் தேடலாம், சரியான கோடு கிடைத்ததும் அதன்மேல் அழுத்தலாம். ஜெல் பேனாவில் இந்த வசதி குறைவு. அதன் மை எளிதாக ஓடுவதால், தொட்ட இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கறுப்புதான்.