குரோஷேவுக்குத் தமிழில் என்ன? ஒரு மடிப்புக் குல்லாவை முன்வைத்து

குளிருக்கு ஒரு கம்பளிக் குல்லா. காது மறையும்படி விளிம்பை மேலே மடித்துவிட்டுப் போட்டுக்கொள்வது. அதைக் குரோஷேயில், அதாவது முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால், எப்படிப் பின்னுவது என்று தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். ‘குரோஷே ஹூக்கில் செயின் போட்டு, இரண்டாவது லூப்பில் சிங்கிள் குரோஷே ஸ்டிட்ச் எடுக்கவும்.’ இதில் தமிழாக மிஞ்சுவது ‘போட்டு’, ‘எடுக்கவும்’, நடுவில் ஓர் ‘இரண்டாவது’. இந்தச் சொற்களில் எவை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எவற்றுக்குத் தமிழில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

‘குரோஷே’ பிரெஞ்சுச் சொல். கொக்கியைக் குறிக்கும் சொல்லோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்தது. ஆக, ‘சின்னக் கொக்கி’. பிரெஞ்சுக்கும் முன்னால் போனால் பழைய நார்ஸ் மொழியின் (பண்டைய ஸ்காண்டிநேவிய மொழி) ‘குரோக்ர்’ வரும், அதற்கும் கொக்கி என்றுதான் பொருள். மேய்ப்பர்கள் வைத்திருக்கும் வளைந்த கோலை ஆங்கிலத்தில் ‘குரூக்’ என்பது இதே குடும்பம். மேற்கத்திய இசைக்குறிப்பில் ‘குரோட்செட்’ என்று ஒரு குறி உண்டே, அதுவும் உறவுதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் சதுர அடைப்புக்குறியை ‘குரோஷே’ என்கிறார்கள்; குத்துச்சண்டையில் கையை வளைத்து விடும் குத்தும் அவர்களுக்குக் குரோஷேதான். வளைந்ததெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கடைசியில் எழுதப்படும் ‘ட்’ ஒலிக்காது என்பதால் ‘குரோசெட்’ என்று எழுதுவது தவறு. ‘குரோஷா’, ‘குரோஷியா’ என்பவை இந்தியா முழுவதும் வாய்வழியாகப் பரவிய வடிவங்கள். அவற்றைத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கருவியின் பெயரே கலைக்குப் பெயராக வந்துவிட்டது, அவ்வளவுதான். மற்ற மொழிகளைப் பாருங்கள். ஜெர்மனில் ‘ஹேக்கெல்ன்’: ‘ஹாக்கன்’ என்றால் கொக்கி. ஸ்பானிய மொழியில் ‘கஞ்சியோ’, இத்தாலியில் ‘உஞ்சினெத்தோ’. இரண்டும் சின்னக் கொக்கிகள். ரஷ்யர்கள் ‘கொக்கியால் பின்னுவது’ என்றே சொல்கிறார்கள். ஜப்பானியர்கள் ‘ககிபாரி அமி’ என்கிறார்கள், கொக்கி ஊசிப் பின்னல். அவரவர் மொழியில் கொக்கிக்கு என்ன சொல்லோ அதைப் போட்டுக்கொண்டார்கள்.

நம்மிடமும் கொக்கி இருக்கிறது. கன்னடத்தில் கொக்கெ, மலையாளத்தில் கொக்க. திராவிடக் குடும்பத்துச் சொல். ஈழத்தமிழில் கொழுக்கி. ஆகவே ‘கொக்கிப்பின்னல்’ என்பது சரியான ஆக்கம், செயற்கையாகவும் ஒலிக்கவில்லை. கருவியைக் ‘கொக்கி ஊசி’ என்றால் யாருக்கும் விளங்கும்.

இந்தக் கலை ரொம்பப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்று அப்படிச் சொல்லவில்லை. இன்றைய பொருளில் குரோஷே என்ற பெயரையே சொல்லி அச்சில் வந்த முதல் செய்முறை, 1823இல் ‘பெனலோப்பே’ என்ற டச்சு இதழில் வந்தது. அதற்குச் சற்று முன்னால் ஸ்காட்லாந்தில் கொக்கியால் செய்யும் ஒரு பின்னலை ‘மேய்ப்பர் பின்னல்’ என்று சொல்லியிருக்கிறார்கள். சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி முனை ஊசியால் நூலைக் கீழிருந்து மேலே இழுத்துப் போடும் தம்பூர் வேலைதான் இதற்கு மூலம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. தம்பூர் என்றால் மத்தளம். சட்டம் அந்த வடிவில் இருக்கும். நம் பக்கத்து ஆரி வேலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது, அதே கொக்கி முனை, அதே சங்கிலி. துணியை எடுத்துவிட்டு அந்தச் சங்கிலியை வெறும் காற்றில் போட்டால் குரோஷே. 1845க்குப் பிந்தைய அயர்லாந்துப் பஞ்சத்தில் பல குடும்பங்களுக்கு இந்தப் பின்னல் வேலைதான் கூலி கொடுத்தது.

சரி, ‘பின்னல்’ என்ற பாதிக்கு வருவோம். நூலையும் நாரையும் ஒன்றோடொன்று பிணைக்கும் வேலைக்குத் தமிழில் வினைச்சொல் பஞ்சமே இல்லை. துணி என்றால் நெய்கிறோம், கூடை என்றால் முடைகிறோம், பூ என்றால் தொடுக்கிறோம், மணி என்றால் கோக்கிறோம், சடை என்றால் பின்னுகிறோம். நெய்யும்போது பாவும் ஊடுமாக இரண்டு திசையில் நூல்கள் குறுக்கிட வேண்டும். இங்கே இருப்பது ஒரே நூல், அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகிறது. எனவே ‘கம்பளி நெய்தாள்’ என்று எழுதுவது பொருந்தாது. பின்னுவதுதான் சரி.

ஆனால் இரண்டு நீள ஊசிகளால் ஸ்வெட்டர் போடுவதையும் பின்னுவது என்றே சொல்கிறோம். அதை ‘ஊசிப்பின்னல்’ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஊசிப்பின்னலில் ஒரு வரிசையின் வளையங்கள் எல்லாமே திறந்தபடி ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊசி நழுவினால் அத்தனையும் அம்போ. கொக்கிப்பின்னலில் எந்த நேரத்திலும் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வளையம். வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகலாம், ஒன்றும் ஆகாது.

எனக்கு உண்மையில் உறுத்துவது குரோஷே என்ற பெயர் இல்லை. ‘ஸ்டிட்ச்’தான். அதைப் பலரும் ‘தையல்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். இருக்கும் துணியை ஊசி துளைத்து நூல் செலுத்துவதுதான் தையல். இங்கே துணியே இன்னும் பிறக்கவில்லை, பிறகு எதைத் தைப்பது? இன்னும் சிலர் ‘முடிச்சு’ என்கிறார்கள். முடிச்சை இழுத்தால் இறுகும். குரோஷே வளையத்தின் நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். அதுவும் பொருந்தவில்லை.

இதற்குத் தமிழில் ‘கண்ணி’ இருக்கிறது. பறவை பிடிக்க வைக்கும் சுருக்கு கண்ணி, சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் கண்ணி. வலையின் துளையைக் ‘கண்’ என்கிறோம், சல்லடைக்கும் அதுவே. ஜெர்மனில் ‘மாஷ’, பிரெஞ்சில் ‘மாய்’ என்ற சொற்களும் இப்படித்தான்: பின்னலின் வளையத்துக்கும் வலையின் கண்ணுக்கும் ஒரே சொல். குரோஷே எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். ஒரு சுருக்கு போட்டுக் கொக்கியில் மாட்டி, அதன் வழியே நூலை இழுத்தால் அடுத்த சுருக்கு, அதன் வழியே இன்னொன்று. பொறி வைக்கும் கண்ணியும் சங்கிலிக் கண்ணியும் ஒரே அசைவில் வந்துவிடுகின்றன.

குல்லா விஷயத்தில் இந்தச் சொல் இன்னொரு வகையிலும் பொருந்திப் போகிறது. சங்கத் தமிழில் தலையில் சூடும் பூமாலைக்குக் கண்ணி என்று பெயர், மார்பில் அணிவது தார். புறநானூற்றின் கடவுள் வாழ்த்து ‘கண்ணி கார்நறுங் கொன்றை’ என்றுதான் தொடங்குகிறது. அடுத்து மார்பின் தாரும் கொன்றை என்று வரும். இரண்டாயிரம் ஆண்டு கழித்துக் கம்பளிக் கண்ணியைத் தலையில் ஏற்றுவது தற்செயல்தான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கண்ணி என்று வைத்துக்கொண்டால் பெரிய தலைவலி ஒன்றும் தீரும். அமெரிக்கர்கள் ‘சிங்கிள் குரோஷே’ என்பதைப் பிரிட்டனில் ‘டபுள் குரோஷே’ என்பார்கள். அமெரிக்க ‘டபுள்’ அங்கே ‘ட்ரெபிள்’. அமெரிக்க ‘சிங்கிள்’ போடக் கொக்கியை நுழைத்து நூலை இழுத்ததும் கொக்கியில் இரண்டு வளையம் நிற்கும். ஒரே இழுப்பில் இரண்டையும் கழற்றிவிடுவோம். வளையத்தை எண்ணினால் இரண்டு, இழுப்பை எண்ணினால் ஒன்று. இப்படிக் கணக்குப் போட்டால் இரண்டு நாட்டார் பெயரும் சரியாக வருகிறது, செய்முறையை எந்த நாட்டார் எழுதினார் என்று தெரியாதவருக்குத்தான் குல்லா குட்டையாகப் போய்விடும். ஜப்பானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். எண்ணிக்கையே வேண்டாம் என்று உயரத்தைப் பார்த்து ‘நீளப் பின்னல்’, ‘நடு நீளப் பின்னல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். குறிலும் நெடிலும் போலத் தமிழிலும் குறுங்கண்ணி, நெடுங்கண்ணி என்று வைத்துக்கொள்ளலாம். குறுங்கண்ணி என்பது அமெரிக்க சிங்கிள், நெடுங்கண்ணி அமெரிக்க டபுள், இரண்டுக்கும் இடைப்பட்டது இடைக்கண்ணி. வெறும் செயின் சங்கிலிக்கண்ணி. உயரமே ஏறாமல் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துவிடுவதை நழுவுகண்ணி எனலாம்.

அப்புறம் குல்லா. பாரசீகத்தின் ‘குலாஹ்’ உருது வழியாக வந்து குல்லாய் ஆகி, பேச்சில் குல்லா ஆகிவிட்டது. யாரையாவது நயமாகப் பேசி ஏமாற்றுவதற்குக் ‘குல்லா போடுவது’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு நம்முடையதாகிவிட்ட சொல். தொப்பி என்றால் விறைப்பும் வெளியே நீட்டிய விளிம்பும் நினைவுக்கு வரும். குல்லா என்றால் தலையோடு ஒட்டிக்கிடக்கும் மெத்தென்ற சமாசாரம். முகத்தையும் கழுத்தையும் மூடுவது மங்கி குல்லா. நாம் பேசுவது அமெரிக்கர்கள் ‘பீனி’ என்பது. தலைக்கு அங்கே ‘பீன்’, அதாவது அவரை, என்று கொச்சையில் ஒரு பெயர் உண்டு. அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். கடற்படையினர் காவல் நேரத்தில் போட்டுக்கொண்டதால் ‘வாட்ச் கேப்’ என்றும் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1571இல், மேட்டுக்குடியினர் போன்ற சிலரைத் தவிர ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிறும் விடுமுறை நாட்களும் கம்பளிக் குல்லா போட்டே ஆகவேண்டும் என்று சட்டமே போட்டார்கள், குல்லா செய்பவர்களின் பிழைப்புக்காக. 1597இல் அதை நீக்கிவிட்டார்கள்.

‘பிரிம்’ என்பதற்கு விளிம்பு என்று மட்டும் எழுதினால் வெயில் தொப்பியின் நீட்டிய ஓரம்தான் கண்ணில் வரும். இங்கே நீட்டல் எதுவும் கிடையாது, ஓரத்தை மேலே திருப்பி மடிக்கிறோம். அதனால் ‘மடிப்பு’ என்றாலே போதும். முழுப்பெயர் மடிப்புக் குல்லா. காதுமேல் பின்னல் இரண்டடுக்காகி நடுவில் காற்று சிக்கிக்கொள்கிறது. கதகதப்பு அங்கிருந்து வருகிறது. மடிப்பு தளர்ந்து கீழே இறங்காமல் இருக்க அது மீள்திறனோடு இருக்கவேண்டும். அதற்குத்தான் வரிப்பின்னல். ஒவ்வொரு கண்ணியின் தலையையும் உற்றுப் பாருங்கள், இரண்டு இழைகள் படுத்திருக்கும்: உங்கள் பக்கம் முன்னிழை, அந்தப் பக்கம் பின்னிழை. வழக்கமாக இரண்டுக்கும் அடியில் கொக்கியை விடுவோம். பின்னிழைக்கு மட்டும் அடியில் விட்டால், எடுக்கப்படாத முன்னிழை ஒரு கோடாகத் தங்கிவிடும். பின்னல் விசிறி மடிப்பு மாதிரி மேடும் பள்ளமுமாகச் சுருங்கும். இழுத்தால் விரியும், விட்டால் திரும்பிவிடும்.

சொல் நிற்குமா என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஓரளவு தடித்த உல்லன் நூல், 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, 56 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலை என்று வைத்துக்கொள்வோம்.

11 சென்டிமீட்டர் அளவுக்குச் சங்கிலிக்கண்ணி போட்டு, கடைசியில் திரும்புவதற்கு ஒன்று கூடுதலாகப் போடவும். திரும்பி, கொக்கியிலிருந்து இரண்டாவது கண்ணி தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு குறுங்கண்ணி. அடுத்த வரிசை முதல், ஆரம்பத்தில் ஒரு சங்கிலிக்கண்ணி போட்டுத் திரும்பி, பின்னிழையில் மட்டும் குறுங்கண்ணி. இழுக்காமல் வைத்து அளந்தால் மடிப்புக்கான இந்தப் பட்டை 51 சென்டிமீட்டர் வரும்வரை இதையே தொடரவும். தலையளவைவிடக் குறைவாக இருந்தால்தான் குல்லா பிடித்து நிற்கும். இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. பட்டையின் கீழ்ப்பாதியை மேலே மடிக்கப்போகிறோம், அப்போது அதன் உட்புறம் வெளியே வந்துவிடும். எனவே மேல்பாதி இணைப்பை உட்புறமாகவும் கீழ்ப்பாதி இணைப்பை வெளிப்புறமாகவும் போட்டுவிட்டால், மடித்த பிறகு எங்குமே இணைப்பு தெரியாது. இனி பட்டையின் மேலோரத்தில் வரிசைக்கு ஒரு குறுங்கண்ணி எடுத்து ஒரு சுற்று. அதன்மேல் 14, 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்றிச் சுற்றி இடைக்கண்ணி. கடைசிச் சுற்றில் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு, மிச்ச நூலை அவற்றினூடே கோத்துச் சுருக்கவும். பாதியாக்காமல் அப்படியே சுருக்கினால் உச்சியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை தங்கிவிடும்.