தோட்டாக் கூட்டை ‘ஒழுங்கமைக்க’ முடியுமா?

‘டிரிம்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் ‘ஒழுங்கமைத்தல்’ என்று எழுதிவிடும் பழக்கம் மீசை, காணொளி, தோட்டம் என்று எல்லாவற்றையும் பிடித்தாயிற்று. இப்போது துப்பாக்கித் தோட்டாவுக்கும் வந்துவிட்டது. ‘டிரிம் தி கேஸ்’ என்பதை ‘உறையை ஒழுங்கமைக்கவும்’ என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் கையில் எதை எடுப்பார்?

முதலில் பெயர்கள். தோட்டா, உருது வழி வந்தது; முழுப் பொருளையும் குறிக்கும். குண்டு, பறந்து போவது மட்டும். வெடிமருந்தைத் தாங்கும் பித்தளைப் பகுதி கூடு. இலங்கைத் தமிழில் கோது என்பார்கள், அதுவும் நல்ல சொல். உறை என்றால் வாளையும் கைத்துப்பாக்கியையும் செருகும் தோலுறைதான் நினைவுக்கு வரும். சுட்டு முடிந்த கூட்டை ‘வெற்றுத் தோட்டா’ என்பது இன்னும் மோசம். சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய இராணுவப் பணி) செய்த எவருக்கும் தெரியும், குண்டில்லாமல் சத்தம் மட்டும் போடும் தோட்டா வேறு, சுட்டபின் பொறுக்கி ஒப்படைக்கும் ‘எம்ட்டி கேஸ்’ வேறு. 5.56×45 என்ற தோட்டா அளவில் 45 அந்தக் கூட்டின் நீளம், மில்லிமீட்டரில்.

சிங்கப்பூரில் உரிமமின்றி வீட்டில் தோட்டா நிரப்பச் சட்டம் இடம் தராது. அனுமதியுள்ள நாடுகளில் அதே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். சுடும்போதும், பிறகு அச்சில் இட்டு அளவுக்குக் கொண்டுவரும்போதும், பித்தளை கழுத்துப் பக்கம் நகர்ந்து கூடு நீள்கிறது. .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், அதை 2.005க்குக் குறைப்பார்கள். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். ஆனால் உச்சத்தைத் தாண்டினால் கூட்டின் வாய், துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் முன்முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடிக்கும். குண்டு விடுபடத் தாமதித்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

கால் மில்லிமீட்டரை யாரும் ‘வெட்டுவதும்’ இல்லை, ‘கத்தரிப்பதும்’ இல்லை. சுழலும் வெட்டலகு வாயோரத்தைச் சுற்றிச் சுரண்டி எடுக்கிறது, பென்சில் சீவுவது போல. சீவுதல் என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்க, நான்கு துறைக்குப் பொதுவான ஒரு மழுப்பல் எதற்கு? தூய தமிழ் என்று சொல்லிக்கொண்டு செயலையே மறைக்கும் சொல்லைவிட, ‘டிரிம் செய்’ என்று எழுதுவது நேர்மையானது.

வரிசையும் சொல்லில் தெரிய வேண்டும். மசகு தடவி அச்சில் இட்ட பிறகுதான் வெர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். முன்பே சீவினால், அச்சில் மறுபடி நீண்டு அளவு தப்பும். சீவியதும் வாயின் உள்விளிம்பைச் சற்றே சரிவாக்கி, உள்ளும் வெளியும் பிசிறு எடுக்க வேண்டும். பட்டறையில் நாள்தோறும் புழங்கும் ‘பிசிறு எடுத்தல்’ என்பதை ‘மெருகூட்டல்’ ஆக்குகிறார்கள். அதை நம்புபவர் பித்தளையைப் பளபளப்பாகத் துடைத்துவிட்டு, உள்ளே நிற்கும் பிசிறை அப்படியே விட்டுவிடுவார். குண்டைப் பொருத்தும்போது அது குண்டின் செப்பு மேலுறையைக் கீறிவிடும்.